பழைய வீட்டு வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி: வெளியே எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், நெய்யூர் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும், குலசேகரத்துக்கு மேலே மலையோர எஸ்டேட் வீடுகளிலும், வெளியூரில் சம்பாதித்து வந்தவர்கள் அந்தக் காலத்தில் ஆசையாகக் கட்டிய மாடி வீடுகளிலும் அபூர்வமாக ஒரு பொருள் கண்ணில் படும். நான்கு கால், உருண்ட விளிம்பு, உள்ளே வெள்ளை எனாமல் பூச்சு கொண்ட வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி. வீட்டைப் பாகம் வைக்கும்போதோ இடிக்க நாள் குறிக்கும்போதோதான் அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. "நாலு ஆளைக் கூப்பிட்டுத் தூக்கி வெளியே போடு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாலு ஆள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளை விட்டுவிடுவதால்தான் தொட்டி உடைகிறது, தரை பாழாகிறது, சுமக்க வந்தவருக்கு அடிபடுகிறது.

முதலில் எடை. ஐந்தடி நீளமுள்ள வார்ப்பிரும்புத் தொட்டி காலியாக இருக்கும்போதே 100 கிலோவைத் தாண்டிவிடும். பெரிய தொட்டிகள் 200 கிலோ வரைக்கும் போகும். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இரும்புத் தகட்டுத் தொட்டி இதைவிட மிகவும் லேசு. எது எது என்று அறியக் காந்தம் உதவாது, இரண்டிலுமே ஒட்டும். விரல் முட்டியால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். தகடு கணீரென்று ஒலிக்கும், வார்ப்பிரும்பு மொத்தென்று அடங்கிவிடும்.

கனமாக இருப்பதால் அது முரட்டுப் பொருள் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் வேர். வார்ப்பிரும்பில் கரிச்சத்து 2 சதவீதத்துக்கும் மேல். அதனால் அது வளைந்து கொடுக்காது, அடி விழுந்தால் விரிசல் விடும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பூச்சு பெயின்ட் அல்ல. கண்ணாடித் தூளைக் கடும் சூட்டில் இரும்போடு உருக்கி ஒட்டவைத்தது. கடப்பாரையின் முனை ஒரு தடவை தவறிப் பட்டால் போதும், காசு அளவுக்குப் பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தைப் பழையபடி ஆக்க எந்தப் பூச்சாலும் முடியாது.

ஆகவே, ஆள் கூப்பிடுவதற்கு முன் டார்ச் விளக்கோடு தரையில் படுத்துத் தொட்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயரும், சிலவற்றில் வார்த்த தேதியும் இரும்பிலேயே புடைத்திருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். இதைப் பார்க்காமலேயே ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் எடைக்கு வாங்கும் கடைக்கு, போன் போடுகிறவர்கள் அதிகம். அங்கே எடைக்கு எடை பழைய இரும்பு விலைதான். முழுசாக, காலோடு, பெயரோடு இருக்கும் தொட்டியைப் பழம்பொருள் வாங்குகிறவர் பார்க்கும் கண்ணே வேறு. சுத்தியலால் நாலு துண்டாக்கி எளிதாக வெளியே எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. கெட்டுப்போன தொட்டிக்கு அது சரி. அப்படி உடைக்கும்போதும் மேலே தடித்த போர்வை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுத்தான் உடைக்க வேண்டும், சிதறும் சில் கத்தி மாதிரி அறுக்கும். நல்ல தொட்டியை உடைப்பது எனக்குச் சம்மதமில்லை. வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டபிறகு கை வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் ஒரு பங்குதாரர் பிறகு கேட்கும்போது பதில் சொல்ல ஆளிருக்காது.

அடுத்த தவறு குழாயில். தண்ணீரை மேல்தொட்டியிலேயே அடைக்காமல் குழாயைத் திருகுகிறார்கள். பல பத்தாண்டு துருவேறிய இணைப்பு தானாகக் கழலாது, சுவருக்குள்ளே முறியும். முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். மறுநாளும் அசையவில்லை என்றால் பலம் காட்டாமல், தொட்டியை ஒட்டி ஆக்சா பிளேடால் அறுத்துவிடுவதே மேல். பித்தளைத் தண்ணீர்ப்போக்கி நன்றாக இருந்தால் அதைத் தொட்டியோடே விட்டுவிட்டு, அதற்குக் கீழே அறுக்கலாம். குழாய் காரீயத்தாலானதாக இருந்தால் வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். பழைய எனாமலிலும் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்கவே கூடாது. சில வீடுகளில் பிற்காலத்தில் தொட்டியைச் சுற்றிச் செங்கல் கட்டி ஓடு பதித்திருப்பார்கள். அதை வெளியிலிருந்து ஓங்கி இடித்தால் உள்ளேயிருக்கும் விளிம்பு போய்விடும். மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக நெம்பி எடுங்கள்.

இனி கால்கள். பெரும்பாலான தொட்டிகளில் கால் தனி வார்ப்பு. ஒரு காடியில் செருகியிருக்கும், இல்லையென்றால் ஒரு போல்ட் பிடித்திருக்கும். பல தடவை தொட்டியின் பாரம்தான் அதை அதன் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கும். தூக்கியவுடன் அந்தக் கால் கழன்று நேராகத் தூக்குகிறவரின் பாதத்தில் விழும். காலோடு சேர்த்துத் தரையில் இழுத்தால் இன்னும் மோசம், காடியே முறிந்துவிடும், அதை ஒட்டவைப்பதும் கடினம். பழைய மெத்தையை விரித்து, தொட்டியை அதன்மேல் பக்கவாட்டில் சாய்த்து, கால்களை முதலில் கழற்றுங்கள். எந்தக் கால் எந்த மூலைக்கு என்று சுண்ணாம்புக்கட்டியால் எண் எழுதிவிடுங்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராமல் போகலாம்.

கால் கழன்றதும் தொட்டியின் உயரம் குறையும், அதுதான் வாசலைத் தாண்ட வழி. விளிம்போடு அகலம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் இருக்கும். நம் பழைய குளியலறை வாசல்களோ இரண்டரை அடிக்கும் குறுகியவை. தொட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தினால் நுழைந்துவிடும். ஆனால் வாசலை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். குளியலறை வாசலுக்கு வெளியே தாழ்வாரம் எத்தனை அடி, ஐந்தடி நீளப் பொருள் அங்கே திரும்புமா என்று பார்க்க வேண்டும். அட்டையைத் தொட்டியின் அளவில் வெட்டி, வழி நெடுக அதை நடத்திப் பார்ப்பதுதான் நம்பகமான அளவு. இடம் போதவில்லை என்றால் கீல் போட்ட கதவைக் கழற்றினால் கொஞ்சம் கிடைக்கும். கீலுக்குப் பதில் மேலும் கீழும் உள்ள முளை நிலையின் குழியில் சுழலும் குடுமிக் கதவை, நிலையைப் பெயர்க்காமல் எடுப்பது பெரும்பாலும் நடக்காது. நிலையைப் பெயர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் மேலேயிருக்கும் கட்டுமானத்தை அந்த நிலையே தாங்கிக்கொண்டிருக்கலாம்.

தரையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: சிவப்பு ஆக்சைடுத் தரையில் கீறலோ உடைவோ விழுந்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போட முடியாது. வழி முழுவதும் ஒட்டுப்பலகை விரித்து, அதன்மேல் கமுகந்தடி உருளைகளையோ பிவிசி குழாய்த் துண்டுகளையோ போட்டு உருட்டுங்கள். உயர்ந்த வாசற்படிக்கு இருபக்கமும் சரிவுப் பலகை வேண்டும்.

மாடியிலிருந்து இறக்குவதுதான் உண்மையான ஆபத்து. தொட்டிக்கு அடியில் வருடக்கணக்காக ஒழுகிய நீரில் மரத்தளம் உளுத்திருக்கும். கீழறையிலிருந்து உத்திரத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் ஆட்களை அங்கே கூட்டமாக நிற்கவிடாதீர்கள். ஓட்டுக் கூரையின் உத்திரத்தில் செயின் பிளாக்கை (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியை) தொங்கவிடுவது இன்னொரு பெரிய தவறு. அந்த மரம் தேக்கோ அயனியோ, அது ஓட்டைச் சுமக்கப் போட்டது, ஒரே புள்ளியில் தொங்கும் 200 கிலோவுக்காகப் போட்டதல்ல.

படிக்கட்டில் வழக்கமாகச் செய்வது, இரண்டு பேர் மேலே பிடிப்பது, இரண்டு பேர் கீழே நின்று தாங்குவது. மேலே ஒருவர் கைநழுவினால் முழு எடையும் கீழே நிற்பவர் நெஞ்சில்தான். தொட்டிக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது, இதில் எந்தச் சமாதானமும் இல்லை. படிகளின்மேல் தடித்த பலகைகளைச் சறுக்காகப் போடுங்கள். தொட்டியைச் சாக்கு சுற்றி ஒரு கனமான பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். அந்தப் பலகையில் பூட்டிய வடத்தை மேலே உறுதியான ஓரிடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மரத் தூணும் ஜன்னல் கம்பியும் உறுதியான இடமல்ல. மாடிப்படிக்கு நேரே ஒரு வாசல் இருந்தால், அதன் உள்பக்கம் வாசலைவிட நீளமான தடித்த கட்டையைக் குறுக்கே வைத்து அதில் சுற்றலாம், இழுவை இருபக்கச் சுவரிலும் பரவும். கிணற்றில் கிடந்த பழைய தும்புக் கயிறு வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே நைந்திருக்கும், வேண்டாம். "விடு", "நில்" என்ற இரண்டு சொல்லையும் ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும். நாலு பேரும் ஆளுக்கொன்று கத்தினால் வடம் பிடித்தவர் யாரைக் கேட்பார்?

காலமும் முக்கியம். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. இடவப்பாதிக்கு (வைகாசி நடுவுக்கு) பிறகும் ஐப்பசியிலும் விளைகளுக்கு (தோப்புகளுக்கு) நடுவே போகும் செம்மண் பாதை வழுக்கும், டெம்போ முற்றம் வரைக்கும் வராது. மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் தொட்டியை நிமிர்த்தி வைத்தால் கால் இல்லாத வளைந்த அடிப்பாகம் ஒவ்வொரு வளைவிலும் உருளும். சாக்கு அடுக்கி, விளிம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கட்டுங்கள். கால்களைத் தனிச் சாக்கில் பொதிந்து ஓட்டுநர் அருகில் வையுங்கள், தொட்டிக்குள் போடாதீர்கள்.

வண்டி கிளம்பியதும் எல்லோரும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அறுத்த கழிவுக் குழாயின் வாய் திறந்தபடியே கிடக்கும். நாற்றமும் எலியும் அதற்குப் பின்னால் பாம்பும் அந்த வழியாக வரும், மழைக்காலத்தில் சாக்கடை நீர் எதிர்த்து ஏறும். பிவிசி மூடி ஒன்றை ரப்பர் வளையத்தோடு இறுக்கி, அதன்மேல் சிமென்ட் பூசி, தண்ணீர் வரும் குழாய்க்கும் பிளக் போட்ட பிறகே பூட்டுங்கள்.