வன்னிச் சேற்றில் ஒரு 'காசநோய்': மருத்துவத் தொடருக்கு எபிசோட் எழுதும் முறை

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம். அதற்குள் ஒரு வருத்தத்தைப் பிழையாகப் பிடிக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், அது பலிக்காமல் போக வேண்டும், பிறகு உண்மை வெளிவர வேண்டும். இதற்காக யாரும் கேள்விப்படாத நோயைத் தேடி அலைய வேண்டாம். வயற்சேற்றிலேயே ஒன்று கிடக்கிறது: மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பற்றீரியா ஒன்று காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் போவதால் வருவது. சீனி வருத்தக்காரரை அதிகம் பிடிக்கும். 1912இல் ரங்கூனில் இதை முதலில் விவரித்தவர்கள் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இருவர்.

முதலில் நாட்காட்டியை எடுங்கள். கிருமி உள்ளே போய் 1 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்குவது வழமை. கார்த்திகை வெள்ளம் வரம்பை உடைக்கிறது. 52 வயதுக் கமக்காரர் இரண்டு நாள் சேற்றில் நின்று கட்டுகிறார். பத்தாம் நாள் காய்ச்சல். பனடோலும், கடையில் வாங்கிய கோ-அமொக்ஸிகிளாவ் என்ற கிருமிகொல்லி மருந்தும் போடுகிறார். காய்ச்சல் விடுகிறது, திரும்ப வருகிறது. இந்த அரைகுறைக் குணம் முக்கியம்; மருந்து அறவே கேட்காவிட்டால் அவர் அடுத்த கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், கதை நின்றுவிடும். இருமலோடும் மெலிவோடும் அவர் வாட்டுக்கு வருவது தையில். அப்போது கதிர் முற்றி வயல் காய்ந்திருக்கும். சேறு யாருடைய நினைவிலும் இருக்காது.

டொக்டரை முட்டாளாக்காதீர்கள். பெரும்பாலான எபிசோட்கள் விழுவது இந்த இடத்தில்தான். எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் நிழலும் குழியும், ஒன்றரை மாத இருமல், இரவு வியர்வை, உடல் மெலிவு: எல்லாம் காசநோய் மாதிரியே. சளியில் காசநோய்க் கிருமி தெரியவில்லை. சளியில் தெரியாத காசநோயும் உண்டுதானே. காசநோய்க்கான நாலு மருந்து தொடங்குகிறார். அதில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகும். மருந்து உள்ளே போகிறது என்பதை வசனமில்லாமல் காட்ட அது போதும்.

பிழை ஒளிந்திருப்பது கேள்வியில். முதற் காட்சியிலேயே எல்லோர் முன்னாலும் வையுங்கள்:

"ஐயா என்ன வேலை?"

"கமந்தான், டொக்டர்."

"இப்பவும் வயலுக்குப் போறனீங்களோ?"

"எங்க போறது? வெட்டும் ஆள் வைச்சுத்தான் செய்யோணும்."

பதில் உண்மை. விசாரணை அதோடு முடிந்துவிடும். படிவத்தில் 'கமம்' என்ற சொல் மட்டும் பேசாமல் கிடக்கும்.

இரண்டாவது பொறி வன்னிக்கே உரியது. தொடையில் வீக்கம் வருகிறது. எக்ஸ்ரேயில் அதற்குப் பக்கத்தில் வெள்ளையாய், போர்க்காலத்து ஷெல் பீஸ் ஒன்று. "பீஸ்தான் சீழ் பிடிச்சிருக்கு" என்று எல்லோரும் நம்புவார்கள், பார்ப்பவரும் நம்புவார். வெட்டிச் சீழ் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். அந்த உலோகத்தை வைத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. காட்சி எழுதாதீர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதும்: மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள்.

விடை ஒருமுறை குப்பைக்குள் போகப் பார்க்க வேண்டும். ஆய்வுகூடத் தட்டில் அந்தச் சீழிலிருந்து வளர்ந்ததை 'சூடோமொனாஸ் என்ற வேறு பற்றீரியா, வெளிக் கலப்பாக இருக்கலாம்' என்று ஒதுக்குகிறார்கள். நடக்கிற பிழைதான் இது. ஓர் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றி, கிருமி வளராமல் வெறுமையாயிருக்கும் வட்டங்களைப் பார்த்து நிற்கிறார். ஜென்டாமைசினுக்கு வட்டமே இல்லை, கொலிஸ்டினுக்கும் இல்லை, கோ-அமொக்ஸிகிளாவுக்கு மட்டும் அகலமாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். நுண்ணோக்கியில் இரு நுனியும் நிறமேறி, நடு வெளிறி, ஊக்கு மாதிரித் தெரியும். சில நாள் விட்ட தட்டில் வளர்ச்சி காய்ந்து சுருங்கும்; அதைக் கிட்டத்தில் காட்டுங்கள். நடிகர் தட்டை முகர வேண்டாம், ஆய்வுகூடத்தில் தொற்றுவதற்கு அதுவும் ஒரு வழி. பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் கையாள வேண்டும்.

பிறகு வாட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. டொக்டர் கட்டிலடிக்கு வந்து கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறார்.

"காய்ச்சல் தொடங்க முதல் சேத்துக்க இறங்கினனீங்களோ?"

"வரம்பு உடைச்சதெல்லோ. ரெண்டு நாள் முழங்கால் சேத்துக்கதான் நிண்டனான்."

இந்த இடத்தில் இசை வேண்டாம்.

சிகிச்சையில் அவசரப்படாதீர்கள். செஃப்டாசிடிம் 2 கிராம், 6 முதல் 8 மணிக்கு ஒருமுறை, நாளத்தில், குறைந்தது 10 முதல் 14 நாள். இவருக்குக் கட்டிகள் இருப்பதால் இன்னும் கூட. காய்ச்சல் விடவே ஒன்பது நாளளவு எடுக்கும். ஊசி போட்ட மறுநாள் எழும்பியிருந்து சோறு கேட்கிற நோயாளி பொய். 'பதினோராம் நாள்' என்று எழுத்துப் போடுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம். இடையில் விட்டால் வருத்தம் திரும்பும்.

இந்தக் கிருமி ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அரிது. ஆகவே முகக்கவசம், தனியறை, ஓடித் திரிதல் எல்லாம் காசநோய் என்று நம்பிய பகுதிக்கு மட்டும். அந்தப் பகுதியில் வீட்டில் அவருக்கென்று ஒரு தனிக் கோப்பையைத் திண்ணையில் வைத்துவிடுங்கள். கடைசிக் காட்சியில் மனைவி அதைக் கழுவி, குசினித் தட்டில் மற்றக் கோப்பைகளோடு கவிழ்த்து வைக்கட்டும். வசனம் எழுத வேண்டாம்.