‘அர்ஜ்’ என்ற சொல்லை இத்தாலியத்தில் மொழிபெயர்த்த வழி

ஆங்கில மருத்துவக் கையேடு ஒன்றை இத்தாலியத்தில் மொழிபெயர்த்தபோது, ‘அர்ஜ்’ (urge, உள்ளிருந்து எழும் உந்துதல்) என்ற ஒரே சொல் பல நாட்களை விழுங்கியது. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

அகராதி தரும் ‘இம்புல்ஸோ’வை (திடீர் உந்துதல்) எல்லா இடத்திலும் வைத்தால், சிறுநீர் கழிக்கும் உணர்வுகூடத் திடீர் ஆவேசம்போல ஒலித்தது. ‘புல்ஸியோனே’ (உள்ளுந்தல்) உளப்பகுப்பாய்வின் வாடை கொண்டது. புகைபிடிக்கும் ஆசைக்குப் பொருந்தவில்லை. ஆசை என்று பொருள்படும் ‘வோல்யா’ ஓரளவு கைகொடுத்தது. ஆனால் கர்ப்பிணிகள் பற்றிய பகுதியில் சிக்கல்: அதற்கு மசக்கை ஆசை என்றும் பிறவி மச்சம் என்றும் பொருள் உண்டு. தாயின் நிறைவேறாத ஆசை குழந்தையின் தோலில் பதியும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது இந்த மச்சப் பொருள். பக்கத்திலேயே தோலைப் பற்றிய வாக்கியம் இருந்தால் வாசகர் தடுமாறுவார்.

வழி திறந்தது வினைச்சொல்லில். அந்த உந்துதலை வாக்கியத்தில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் பார்த்தேன். அடக்கிக்கொள்கிறார்கள் என்றால் ‘த்ராத்தெனேரே’. அதனுடன் சேர்வது உடல் சார்ந்த தூண்டலைக் குறிக்கும் ‘ஸ்தீமொலோ’. இணங்கிவிடுகிறார்கள் என்றால் ‘செதெரே’, கூடவே ‘இம்புல்ஸோ’. தானாகத் தணிகிறது என்றால் ‘பஸ்ஸாரே’, அதற்கு ‘வோல்யா’. போதைப்பழக்க அத்தியாயத்தில் மட்டும், போதைக்கான தீரா ஏக்கத்தைக் குறிக்கும் ‘கிரேவிங்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தொடவில்லை, இத்தாலிய மருத்துவர்களே அதை அப்படியே எழுதுகிறார்கள்.