பகல் சூட்டை மண்ணில் சேமித்து இரவில் பசுமைக்குடிலைச் சூடாக்குவது எப்படி?

வெயில் நாளில் பசுமைக்குடிலின் உச்சியில் தேங்கும் சூடான காற்றை, தரைக்கடியில் புதைத்த குழாய்களுக்குள் மின்விசிறியால் தள்ளுகிறோம். மண் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். இரவில் அதே குழாய்களில் ஓடும் குளிர்காற்று அதைத் திரும்ப எடுத்துவரும்.

இதில் ஈரப்பதத்தின் பங்கை பலர் கவனிப்பதில்லை. 80% ஈரப்பதத்துடன் 30 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்று 18 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதிலுள்ள நீராவி நீராக மாறுவதால் மட்டும் கிடைக்கும் வெப்பம், காற்று குளிர்வதால் கிடைப்பதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த ஈரத்தைக் காற்றில் சேர்ப்பது செடிகள்தான். ஆகவே செடியில்லாத குடிலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

தோண்டும் முன் கணக்கு

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி 2.5 மீட்டர் உயரம் என்றால் கொள்ளளவு 45 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று சுற்றிவர 225 கன மீட்டர் வேண்டும். 100 மி.மீ. குழாயில் காற்றின் வேகத்தை நொடிக்கு 1.25 மீட்டருக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் சூட்டை முழுதாக விடுமுன்பே காற்று வெளியேறிவிடும். அந்த வேகத்தில் ஒரு குழாய் மணிக்கு சுமார் 35 கன மீட்டர் கடத்தும். எனவே 7 குழாய்கள். விசிறியின் மேல் அச்சிட்டிருப்பது தடையில்லாத நிலையின் அளவு என்பதால், மணிக்கு 350 கன மீட்டர் திறனுள்ளதை வாங்குங்கள். ஈரக்காற்றைத் தாங்கும் மோட்டாராக இருக்கட்டும்.

வேலை

1. முதலில் 120 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி. மழைக்காலத்தில் அதில் நீர் ஊறி நின்றால் இந்த முறை அங்கே வேண்டாம். நிலத்தடி நீர் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும், குழாயும் நிரம்பும்.

2. குடிலின் ஓரம் முழுக்க 60 செ.மீ. ஆழத்துக்கு, 5 செ.மீ. கனமுள்ள நீர் உறிஞ்சாத கெட்டி ஃபோம் பலகையைச் செங்குத்தாக இறக்குங்கள். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான். வெட்டினால் சேர்த்த சூடு பக்கவாட்டில் கசியும்.

3. துளையிட்ட வடிகால் நெளிகுழாய்களுக்குத் துணியுறை போட்டு, 90 செ.மீ. ஆழத்தில் நான்கும் 55 செ.மீ. ஆழத்தில் மூன்றுமாகப் பரப்புங்கள். இடைவெளி 60 செ.மீ. மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு கொடுத்தால் குளிர்ந்து சேரும் நீர் ஓடித் துளைகள் வழியே மண்ணில் இறங்கும்.

4. ஒரு முனையில் ஏழு குழாய்களையும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் செருகி அடையுங்கள். டிரம்மிலிருந்து 200 மி.மீ. குழாய் கூரை உச்சிவரை ஏறட்டும். விசிறி அதன் மேல்முனையில், கைக்கு எட்டும்படி. மறுமுனையில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே தரைக்கு மேல் 30 செ.மீ. ஏற்றி, எலி புகாமல் கம்பிவலை கட்டுங்கள்.

5. மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, லேசாக நனைத்து, மிதித்து இறுக்குங்கள். குழாயைச் சுற்றி வெற்றிடம் இருந்தால் சூடு மண்ணுக்குப் போகாது. ஜல்லியால் நிரப்புவதும் அதே தவறு.

6. மின் இணைப்புக்கு மின்கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். இரண்டு தெர்மோஸ்டாட் வையுங்கள்: ஒன்று 28 டிகிரிக்கு மேல் விசிறியை ஓட்ட, மற்றொன்று 10 டிகிரிக்குக் கீழ் ஓட்ட. நடுவில் விசிறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாலையிலேயே மண்ணின் சூட்டைக் காலி செய்துவிடும்.

சரிபார்ப்பு

மெல்லிய காகிதத் துண்டை ஏழு வாய்களிலும் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் பலமாகப் பறந்தால் அதன் வாயைப் பாதி மூடிச் சமன்செய்யலாம். ஒன்றில் அசையவே இல்லையென்றால் குழாய் நசுங்கியிருக்கும், அல்லது நீர் தேங்கியிருக்கும்.

60 செ.மீ. ஆழத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்து வையுங்கள். மண் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் இரவில் விசிறி ஓடினால் குடில் இன்னும் குளிரும். ஆழத்து மண் மெதுவாகத்தான் சூடேறும் என்பதால், குளிர்காலம் வந்தபின் அல்ல, கோடை முடியும் முன்பே பகல் ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள்.