அடம்பன் பூவின் கோடுகள் திரும்பக் கிடைத்த விதம்

நிலாவெளிக் கடற்கரையில் அடம்பன் கொடி பூத்துக் கிடந்தால் படம் எடுக்காமல் என்னால் திரும்ப முடியாது. ஆனால் வீட்டில் திறந்து பார்த்தால் பூக்கள் வெறும் ஊதாத் திட்டுகளாக இருக்கும். இதழில் ஓடும் மெல்லிய கோடுகளும் தொண்டைப் பகுதியின் அடர்நிறமும் தெரியாது. லென்ஸ்தான் சரியில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

காரணம் ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில் இருந்தது. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் ஒழுங்காகத்தான் இருந்தது. நிறங்களைப் பிரித்துப் பார்த்தபோது சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நின்றது, அதாவது அந்த நிறம் அளவு மீறிப் பதிவாகி நுணுக்கங்கள் அழிந்திருந்தன. வெண்மணல் கறுத்துவிடக் கூடாதென்று எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) +1 என்று கூட்டி வைத்தது நான்தான்.

இப்போது -0.7 வைத்து, ரா கோப்பாக (கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிறேன். காலை 8 மணிக்கு முன்பே போய்விடுவேன். வெயில் ஏறினால் பூ வாடிச் சுருங்கிவிடும். கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை மிதிக்காமல் ஓரமாகக் குந்தி எடுப்பேன்.

அப்புறம் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஹைலைட்ஸை (மிக வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஊதா, மெஜந்தா இரண்டின் லூமினன்ஸையும் (ஒளிர்வையும்) சற்று இறக்குவேன். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) கூட்டுவதே இல்லை. கோடுகள் தானாக எழுந்து வருகின்றன. கேமராவே சுருக்கிச் சேமித்த பழைய ஜேபெக் படங்களில் மட்டும் எவ்வளவு முயன்றும் அவை திரும்பவில்லை.