கறிவேப்பிலைச் செடியில் தொடங்கும் பாடம்: தமிழ்ப்பள்ளிக்கு ஒரு வண்ணத்துப்பூச்சிப் பதிவேடு

பள்ளிகளில் பல்லுயிர்ப் பாடம் பெரும்பாலும் புலியில் தொடங்கிப் புலிப் படத்தோடு முடிந்துவிடுகிறது. பினாங்கில் படிக்கும் பிள்ளை காட்டில் புலியைப் பார்க்கப்போவதில்லை. அதே பிள்ளையின் வீட்டுப் பின்கட்டில் கறிவேப்பிலை இருக்கிறது, அதன் கொழுந்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி முட்டையும் இருக்கக்கூடும். அந்த முட்டை இறக்கை விரிக்கும்வரை பார்த்த பிள்ளை, வீட்டில் யாராவது பூச்சிமருந்துப் புட்டியை எடுத்தால் கையைப் பிடித்துத் தடுக்கும். பள்ளியில் செடி வைத்து, அதில் வளரும் வண்ணத்துப்பூச்சிகளைத் தினமும் பதிவுசெய்யும் இந்த வேலையின் நோக்கம் அந்தத் தடுப்புத்தான்.

மூன்று தொட்டி போதும். ஒவ்வொன்றும் ஓரடி அகலம், செடி இரண்டு மூன்று அடி உயரம். இரண்டில் கறிவேப்பிலை, ஒன்றில் லீமாவ் கஸ்தூரி என்ற சிறு எலுமிச்சை. கறிவேப்பிலையில் முட்டையிடுவது கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. லீமாவ் கஸ்தூரிக்கு அதுவும் வரும், எலுமிச்சை அழகியும் வரும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு வேண்டும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். ஆகவே தொடக்கப்பள்ளியில் எருக்கு வேண்டாம்.

தொட்டிகளைப் பாதி நாளாவது வெயில் விழும் இடத்தில் வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், அதற்குப் பள்ளிக்கு அபராதமும் வரலாம். நர்சரியில் வாங்கிய செடியில் மருந்து தங்கியிருக்கும். இலைகளை நன்றாகக் கழுவி, நுனியை நாலு விரல் அளவுக்குக் கிள்ளிவிட்டு, ஒரு மாதம் காத்திருங்கள். தாய்ப்பூச்சி தேடுவது இளங்கொழுந்தை. பழைய இலைகளில் மருந்து மிஞ்சியிருந்தாலும், பிறகு வரும் கொழுந்தில் அந்தத் தொல்லை குறைவு.

முட்டை வெளிர்மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீட்டர் அளவு, தனித்தனியாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். புழுவைக் கண்டுபிடிக்கத்தான் பிள்ளைகள் திணறுவார்கள். புழு தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவங்களாக வளரும். முதல் நான்கு பருவங்களில் அது பழுப்பும் வெள்ளையும் கலந்து பறவை எச்சம் போலவே இருக்கும். ஐந்தாம் பருவத்தில்தான் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிவப்பு உறுப்பை நீட்டி நெடி விடும். ஒருமுறை காட்டினால் போதும், ஒவ்வொரு பிள்ளையும் சீண்டிப் பார்க்க விடாதீர்கள். புழுக்காலம் ஏறத்தாழ இரண்டு வாரம், கூட்டுப்புழு ஒன்பது முதல் பதினொரு நாள். ஆக, ஒரு தலைமுறையை ஒரு மாதத்தில் முழுதாகப் பார்த்துவிடலாம்.

பதிவேட்டுக்கு ஒரு நீள நோட்டு. தேதி, நேரம், வானிலை, தொட்டி எண், முட்டை, எச்சநிறப் புழு, பச்சைப் புழு, கூடு, செடியில் கண்ட மற்ற உயிர்கள் என்று கட்டம் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், இருவர் இருவராக, பத்து நிமிடம். ஒன்றும் இல்லாத நாளில் பூஜ்யம் எழுதியே ஆகவேண்டும். இல்லையேல் பிள்ளைகள் அந்த நாளைத் தாண்டிவிடுவார்கள், அப்போது நோட்டில் நல்ல நாட்கள் மட்டும் மிஞ்சும். முட்டை எப்போது குறைந்தது, ஏன் குறைந்தது என்ற கேள்வியே எழாமல் போகும்.

நேற்று ஐந்து புழு, இன்று இரண்டு என்றால் வகுப்பு வாடிப்போகும். அதைச் சமாளிக்க முயலாமல், தேடச் சொல்லுங்கள். எறும்பு, சிலந்தி, குருவி, முட்டைக்குள்ளேயே முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் அந்தச் செடியை நம்பி வாழ்பவை. முட்டை முழுதும் கறுத்துப் பொரியாமல் நின்றால் குளவியின் வேலையாக இருக்கலாம். அதையும் எழுதுங்கள். ஒரு செடியை எத்தனை உயிர்கள் பங்குபோடுகின்றன என்பது அந்த வரிசையில் தெரியும். இந்தத் திட்டத்தில் நாங்கள் மிக உயர்வாக மதிக்கும் பக்கம் அதுதான்.

இரண்டு புழுக்களை மட்டும் வகுப்பறையில் வளர்க்கலாம். கூண்டுக்கு வலைத்துணி போட்ட துடோங் சாஜி (உணவை மூடும் கூடை) போதும், உயரம் ஓரடிக்குக் குறையக்கூடாது. வெளிவரும் பூச்சிக்குத் தொங்கி இறக்கை விரிக்க இடமில்லையென்றால் இறக்கை மடங்கியே காய்ந்துவிடும், பிறகு சரியாகாது. கிளையை நீர்ப்புட்டியில் செருகினால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையேல் புழு இறங்கி மூழ்கும். கழிவைத் தினமும் கொட்டுங்கள், ஈரம் தங்கினால் நோய் வரும். புழுவை விரலால் எடுக்கவேண்டாம், இலையோடு மாற்றுங்கள். அசையாமல் கிடந்தால் தோலுரிக்கப்போகிறது, தொடவே தொடாதீர்கள். காலையில் வெளிவந்த பூச்சியை இறக்கை உலர்ந்ததும், சில மணி நேரத்தில், அதே தொட்டியருகே விடுங்கள்.

பெரும்பாலும் திட்டத்தை முடித்துவைப்பது இயற்கை அல்ல, மருந்துதான். புல்வெட்ட வரும் குத்தகையாளர் ஓரத்தில் களைக்கொல்லி அடிப்பார். ‘மருந்து தெளிக்கவேண்டாம்’ என்று மலாயிலும் தமிழிலும் அட்டை வைத்து, அலுவலகத்திலும் சொல்லிவையுங்கள். டிங்கிக்காகப் புகை அடிக்க வந்தால் தடுக்கக்கூடாது. முதல்நாளே தகவல் கேட்டு, தொட்டிகளை மூடிய அறைக்குள் தூக்கிவையுங்கள், இரண்டு நாள் கழித்து வெளியே கொண்டுவாருங்கள். தரையில் நடாமல் தொட்டியில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதானால் பதிவேடு ஒரு மாதம் ஓடிய பிறகு செல்லுங்கள். 1884இல் தொடங்கிய தோட்டம் அது. அதன் பின்னால் எழும் பினாங்கு மலையை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பழகாத கண்ணுக்கு அங்கே குரங்கு மட்டும் தெரியும், ஒரு மாதம் பழகிய கண் இலைக்கு அடியில் பார்க்கும். பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் வேண்டாம், குரங்கு பறிக்கும். எதையும் பிடித்துவரவும் வேண்டாம்.

படங்களை, உயிரினங்களைப் பதிவுசெய்யும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றலாம். 13 வயதுக்குட்பட்டவர்கள் தாங்களே கணக்கு தொடங்கக்கூடாது. ஆசிரியரின் கணக்கில், பிள்ளைகளின் முகம் படாமல், தேதியும் இடமும் சரியாக இட்டு ஏற்றுங்கள்.

தவணை விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே வகுப்பறை வளர்ப்பை நிறுத்துங்கள். தொட்டிகளை அருகில் வீடுள்ள மூன்று மாணவர்களிடம் ஒப்படைத்து, நோட்டிலிருந்து பத்துப் பத்து வெற்றுப் பக்கங்களையும் கிழித்துக் கொடுங்கள். அந்தப் பக்கங்களை வீட்டில் பாட்டியோ அம்மாவோ எழுதி அனுப்பினாலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.