வேலைக்குச் சின்னக் கத்தி வாங்குகிறீர்களா? முதலில் உறையைப் பாருங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் கேட்டைப் பார்த்துக்கொள்கிறவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறவர், காட்பாடி பக்கம் லாரியில் லோடு கட்டுகிறவர் என யாரை எடுத்தாலும், ஒரு ஷிஃப்டில் கத்தி தொடுகிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: பண்டலைச் சுற்றிய பிளாஸ்டிக் பட்டை, கேபிள் டை, தார்ப்பாய்க் கயிறு, சாக்குத் தையல், எப்போதாவது ரப்பர் குழாய். இதற்கு விரல் நீள அலகு போதும். ஆனால் கடைக்குப் போனால் கை நீளத்துக்குக் காட்டுவார்கள், நாமும் வாங்கிவிடுவோம். ஒரு வாரத்தில் அது மேசை டிராயருக்குள் போய்விடும்.

அட்டைப்பெட்டி பிரிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முனையை ஒடித்து ஒடித்துத் தள்ளும் கட்டர் போதும். அட்டைப்பெட்டி கத்தியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், அதற்கு நல்ல கத்தியைக் கொடுப்பது வீண்.

மடக்குக் கத்தி ஏன் வேண்டாம்? சுண்ணாம்பு, உப்பு, தோல் தூள், சிமென்ட் எல்லாம் அதன் மூட்டுக்குள்தான் போய் உட்காரும். கையுறை போட்ட கையால் திறக்க முடியாது. பூட்டு தேய்ந்தால் அலகு விரல் மேலேயே மடங்கும். மடங்காத கத்தியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதைப் பத்திரமாக வைக்க உறை வேண்டும், சிக்கலும் அங்கேதான் வரும்.

1. அளவு

அலகு 6 முதல் 8 சென்டிமீட்டர். பிடி 9.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும், இழுத்து அறுக்கும்போது கத்தி கைக்குள் திரும்பிவிடும். மொத்தம் 16, 18 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பைக் சீட்டில் உட்கார்ந்தாலும் விலாவில் இடிக்காது.

முதுகுத் தடிமன், அதாவது கூருக்கு எதிர்ப்பக்க ஓரத்தின் தடிமன், 2.5 முதல் 3 மில்லிமீட்டர். அளக்க வெர்னியர் கருவி இல்லையா? ஜெராக்ஸ் கடை 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். 25 தாளை இறுக்கிப் பிடித்து அலகின் முதுகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4, 5 மி.மீ. தடிமனில் ‘மிலிட்டரி’ என்று விற்பதெல்லாம் விறகு பிளக்கத்தான் லாயக்கு. கேபிள் டையில் வைத்தால் அறுக்காது, ஆப்பு மாதிரி நெம்பிக்கொண்டு நிற்கும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நாம் பேசுவது 3 அங்குலம், அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்கோ கோர்ட்டுக்கோ இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டாம். வேலை முடிந்ததும் லாக்கரில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் செக்-இன் பெட்டிக்குள் மட்டும்.

2. முனை

குத்துவது உங்கள் வேலையில்லை, அதனால் கூர்முனை வேண்டாம். கூர்வாய் நேராக ஓடி, முதுகு மட்டும் முனையில் வளைந்து இறங்கும் வடிவம்தான் வேலைக்கு ஏற்றது. வெளியில் அதை ‘ஷீப்ஸ்ஃபுட்’ என்று விற்பார்கள். பட்டைக்கு அடியில் விட்டு மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் சரக்கில் கீறல் விழாது. ஃபினிஷ் ஆன தோல் பண்டலில் ஒரு கீறல் விழுந்தால் என்ன நடக்கும் என்று ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்சில் சீட் பெல்ட் அறுப்பதற்கு எந்தக் கத்தியும் சரிப்படாது. அதற்கு முனை மழுங்கிய டிராமா கத்தரிக்கோலை வாங்குங்கள்.

3. எஃகு

எஃகைப் பற்றிப் படித்தே மாதக்கணக்கில் பொழுதைக் கழிக்கலாம். வேலூர் வட்டாரத்துக்கு என் கணக்கு சுருக்கமானது: பச்சைத்தோல், உப்பு, சுண்ணாம்பு பக்கம் போகிறவர் துருப்பிடிக்காத எஃகையே எடுங்கள். 12சி27, 14சி28என், ஏஇபி-எல் என்று விற்கும் மூன்று ரகத்தில் எதுவானாலும் சரி. 12சி27ல் கரிமம் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். சுலபமாகக் கூர் ஏறும், உப்புத் தண்ணீர் பட்டாலும் கழுவும்வரை தாங்கும். 8சிஆர்13எம்ஓவி விலை மலிவு, மோசமும் இல்லை. டி2வை ‘ஸ்டெயின்லெஸ்’ என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். அது பாதி ஸ்டெயின்லெஸ்தான், உப்பு மண்டியில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். 1095 மாதிரி கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும், ஆனால் தினம் எண்ணெய் காட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் அதைச் செய்யப்போவதில்லை.

கடினம், எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில், 56 முதல் 59க்குள் இருந்தால் போதும். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை அப்படியே நம்பாமல், புது அரத்தை அலகின் முதுகுப் பக்கம் லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் வெண்ணெயில் போவது போலக் கடித்துக்கொண்டு போனால் பதம் இல்லாத அலகு. கொஞ்சம் கடித்துக் கொஞ்சம் வழுக்கினால் நமக்குத் தேவையான பதம். முழுக்க வழுக்கினால் 60ஐத் தாண்டியிருக்கும், கீழே விழுந்தால் முனை சிதறலாம். ‘டமாஸ்கஸ்’ என்று அலைகோடு போட்ட மலிவுச் சரக்கில் பலதும் லேசரில் பொறித்த கோலம்தான்.

கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்வதும் நல்ல வழி. லாரிப் பட்டையில் வரும் ஸ்பிரிங் எஃகு தரமானது. ஆனால் பட்டை 6 மி.மீ.க்குக் குறைந்து கிடைப்பது அரிது. சொல்லாமல் விட்டால் அந்தத் தடிமனிலேயே வெட்டுக்கத்தி மாதிரி வந்து சேரும். “ஆச்சாரி, முதுகு மூணு மில்லிதான் இருக்கணும், வாய் நல்லா மெல்லிசா வேணும்” என்று முதலிலேயே சொல்லி, அட்டையில் வெட்டிய மாதிரியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

4. பிடி

மே மாத வேலூரில் கை காய்ந்திருக்கும் நேரம் கிடையாது. வழவழப்பாகப் பாலிஷ் போட்ட மரப்பிடி பார்வைக்கு மட்டும்தான். சொரசொரப்பான ஜி10, மைகார்ட்டா (கண்ணாடி இழை, துணி இவற்றைப் பிசினில் இறுக்கிய பலகைகள்), இல்லையென்றால் கெட்டி ரப்பர். தடிமன் 14 முதல் 18 மி.மீ. பிடிக்கும் கூர் தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் தடுத்து நிற்க ஒரு பள்ளமோ திட்டோ கட்டாயம் வேண்டும். அது இல்லாத கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

வெறும் இரும்புச் சட்டத்தில் கயிறு சுற்றிய பிடி இப்போது ஃபேஷன். வியர்வையைக் குடித்து நாறும், கயிற்றுக்குள்ளே துருவும் ஏறும். எனக்கு அது அறவே பிடிக்காது.

5. உறை

கத்திக்கு மார்க் போடுவதானால் நூற்றில் அறுபதை உறைக்கே கொடுப்பேன். கூர் போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். உறை சரியில்லாத கத்தியை யாரும் தொடர்ந்து இடுப்பில் வைப்பதில்லை, வைத்தாலும் ஆபத்து.

நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை: “தோலுக்கா பஞ்சம், ஒரு துண்டு வாங்கித் தைத்துவிடலாம்.” தவறு தொடங்குவதே இங்கேதான். சுலபமாகக் கிடைப்பது குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டு ஷூ மேல்பாகத்துக்குப் போகிற மென்மையான ரகம். அது வடிவம் பிடிக்காது. ஈரப்படுத்தி அச்சில் வைத்தாலும் காய்ந்ததும் தொளதொளத்துவிடும், கத்தி தானாகவே வெளியே நழுவும். பதனிட்டபோது தங்கிய அமிலமும் உப்பும் வியர்வையோடு சேர்ந்து அலகை உள்ளேயே அரிக்கும். ‘ஸ்டெயின்லெஸ் வாங்கியும் துரு வருதே’ என்கிறவர்கள் பெரும்பாலும் கத்தியைக் குரோம் உறையில் வாரக்கணக்கில் விட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

தோல்தான் வேண்டுமென்றால் மரப்பட்டையில் பதனிட்ட தோலாகப் பாருங்கள். இப்படிப் பதனிட்ட ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம் பக்கத்துச் சரக்கு. தடிமன் 3 மி.மீ. வேண்டும், அதனால் எருமைத்தோலைக் கேளுங்கள். தைக்கும்போது கூர் வரும் ஓரத்தில் இரண்டு தோலுக்கும் நடுவில் அதே தோலில் ஒரு வார் வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். வார் இல்லாவிட்டால் சொருகும் ஒவ்வொரு முறையும் கூர் நூலை அறுக்கும், ஒருநாள் ஓரம் பிளந்து தொடையில் படும். தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அலகில் பாலிதீன் சுற்றிச் சொருகி, விரலால் அழுத்தி வடிவம் பிடித்து நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும். இவ்வளவு செய்தாலும் இரவில் கத்தியை வெளியே எடுத்துத்தான் வைக்க வேண்டும். எந்தத் தோலும் ஈரத்தை விடாது.

தினசரி வேலைக்கு நான் சொல்வது கைடெக்ஸ் மாதிரி வார்த்த பிளாஸ்டிக் உறை. வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். கத்தியைச் சொருகி, உறையைத் தலைகீழாகப் பிடித்து, கீழே ஒரு துணியைப் போட்டு நாலு முறை பலமாக உதறுங்கள். விழக் கூடாது. அடுத்து கட்டைவிரலை உறை விளிம்பில் ஊன்றித் தள்ளுங்கள். கட்டைவிரல் அழுத்தத்திலேயே விடுபட வேண்டும். இழுத்துப் பிடுங்கினால்தான் வரும் என்றால், வரும் வேகத்தில் மறுகையைக் கிழிக்கும். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உறையின் பிடிமானம் தளர்ந்துவிட்டால் ஹேர் டிரையரால் சூடாக்கி, கத்தியைச் சொருகியபடியே துணி வைத்து அழுத்தி, குளிரும்வரை விடாமல் பிடித்திருந்தால் இறுகும். இதே காரணத்தால்தான் வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டில் அதை வைக்கக் கூடாது என்கிறேன். அங்கே தானாகவே நெகிழ்ந்துவிடும்.

எங்கே மாட்டுவது? வலதுகைக்காரருக்கு இடதுபக்க இடுப்பில், வயிற்றுப்புறம் சற்றுச் சாய்த்து. உட்கார்ந்தாலும் எடுக்கலாம், சட்டையும் மறைக்காது. முதுகுத்தண்டின் மேல் படுக்கையாக மாட்டுவது படத்துக்கு அழகு, பைக்கிலிருந்து விழுந்தால் முதுகெலும்பு கத்தியின் மேல்தான் விழும். கழுத்துச் சங்கிலியில் தொங்கவிடுவதை டிரம் சுற்றும் டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) நினைத்தும் பார்க்க வேண்டாம்.

6. கூர்

சக்கரம் வைத்துத் தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். மெல்லிய சின்ன அலகு காய்ந்த சக்கரத்தில் நொடியில் சூடேறும். ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு எத்தனை முறை தீட்டினாலும் இரண்டு நாளில் மழுங்கும்.

400 நம்பர் சொரசொரப்பும் 1000 நம்பர் நைசும் இரண்டு பக்கமாக ஒட்டிய ஒரு தண்ணீர்க் கல் போதும். பலர் தடுமாறுவது கோணத்தில். பக்கத்துக்கு 20 பாகை வேண்டும். அலகின் அகலத்தை, அதாவது முதுகிலிருந்து கூர்வரை உள்ள தூரத்தை, 0.34ஆல் பெருக்குங்கள். அகலம் 20 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 7 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடப் பென்சிலின் தடிமன் ஏறக்குறைய அதே அளவு, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கூர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து நாலு இழுப்பு இழுங்கள். கறுப்பு மேலே மட்டும் போனால் முதுகு தாழ்ந்திருக்கிறது, கூர் விளிம்பில் மட்டும் போனால் முதுகு உயர்ந்திருக்கிறது. மறுபக்கம் விரலில் பிசிறு தட்டும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். பிசிறு எழுவதற்குள் மாற்றிவிட்டுக் கல்லைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். கடைசியில் ஒரு தோல் துண்டின் சொரசொரப்புப் பக்கத்தில் பச்சை பஃபிங் சோப் தேய்த்து, கூர் பின்னால் வரும்படி பக்கத்துக்குப் பத்து இழுப்பு. இதற்குக் குரோம் தோலே போதும்.

பிறகு சேர்த்தது

தேங்காய் எண்ணெய் தடவலாமா? பழம், ரொட்டி வெட்டுகிறவர் தடவலாம், ஆனால் நாள்பட்டால் பிசுக்கு ஏறித் தூசு ஒட்டும். மற்றவர்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் தொட்டு. உப்பு பட்ட கத்தியை அதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பின் மேலேயே எண்ணெய் பூசியதாகிவிடும்.

துருப்புள்ளி வந்துவிட்டால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்து, முதுகிலிருந்து கூர் நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். நிறம் போய்விடும், குழி விழுந்திருந்தால் அது போகாது. குழி அலகின் நடுவில் இருந்தால் பரவாயில்லை. கூர் ஓரத்தில் இருந்தால் 400ல் அந்த ஆழம்வரை கரைக்க வேண்டும், பொறுமையாக அரைமணி நேரமாவது ஆகும். உறையையும் அன்றைக்கே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே உப்புத் தூள் கிடந்தால் மறுவாரமும் அதே இடத்தில்தான் புள்ளி வரும்.