நானோ ஃபேப் ஆய்வகத்தில் பயிற்சி: எங்கே தொடங்குவது?

சிப் போன்ற மிக நுண்ணிய சாதனங்களைச் செய்யும் பல்கலைக்கழக நானோ ஃபேப் ஆய்வகத்தில் சேர்ந்ததும் பலர் முதலில் கேட்பது, எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய வடிவங்களை வரையும் எலக்ட்ரான் பீம் கருவியைத்தான். ஆசை நியாயமானது. ஆனால் வேஃபரை (மெல்லிய சிலிக்கான் வட்டத்தகடு) ட்வீசரில் கீறாமல் பிடிக்கவே கொஞ்ச நாள் பழக வேண்டும். நான் சொல்லும் வரிசையில் போனால் பெரிய கருவிகள் தானாகவே கைக்கு வரும்.

முதல் படி: தாளில் எழுதுங்கள்

செய்யப்போகும் வேலையைப் படிப்படியாக எழுதுங்கள். எந்தக் கருவி, எந்த ரசாயனம், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், சரியாக வந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது. எந்தெந்தக் கருவிக்குப் பயிற்சி வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். தாளை ஆய்வகப் பொறியாளரிடம் காட்டுங்கள். தங்கம் பூசிய வேஃபரை, சூட்டில் ஆக்சைடு படலம் வளர்க்கும் ஆக்சிடேஷன் உலைக்குள் வைக்கத் திட்டமிட்டிருந்தால் அங்கேயே தடுத்துவிடுவார். சூட்டில் தங்கம் சிலிக்கானுக்குள் வேகமாகப் பரவும். உலை மாசுபட்டால் அடுத்து வருபவர்களின் சாதனங்களும் கெட்டுப்போகும்.

இரண்டாம் படி: பாதுகாப்புப் பயிற்சி

இதில் அவசரம் வேண்டாம். குறிப்பாக ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் வலி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் ஃப்ளூரைடு ஆழமாக இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால் வலிக்கவில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பட்ட சந்தேகம் வந்தாலே உடனே தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெல் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். இந்த அமிலம் கண்ணாடியை அரிக்கும், எனவே பிளாஸ்டிக் பீக்கர் மட்டும்தான். ரசாயன வேலை செய்யும் மேசையான வெட் பெஞ்சில் தனியாக ஒருபோதும் நிற்காதீர்கள்.

மூன்றாம் படி: உடை அணிதல்

ஆய்வகம் தூசியைக் கட்டுப்படுத்தும் சுத்த அறை. கிளாஸ் 100 அறை என்றால் ஒரு கன அடி காற்றில் 0.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 100-க்கு மேல் இருக்கக் கூடாது. அங்கே பெரிய தூசி நாம்தான். சும்மா நடந்தாலே தோலும் முடியும் உதிரும். ஆகவே மேலிருந்து கீழே: தலைவலை, முகக்கவசம், தலையுறை, முழு அங்கி, அப்புறம் பூட்ஸ். அங்கியின் கால்பகுதி தரையில் படாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அணியுங்கள். பூட்ஸ் மாட்டிய காலைத் தடுப்பு பெஞ்சின் சுத்தமான பக்கத்தில்தான் ஊன்ற வேண்டும். கையுறை அங்கியின் கைமுனையை மூடியிருக்கட்டும். சாதாரணக் காகிதமும் பென்சிலும் வெளியிலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: லித்தோகிராஃபியில் தொடங்குங்கள்

லித்தோகிராஃபி என்றால் ஒளியால் வேஃபரில் வடிவம் பதிப்பது. அதற்காக வேஃபரில் பூசும் ஃபோட்டோரெசிஸ்ட் (சுருக்கமாக ரெசிஸ்ட்) நீலம், புற ஊதா ஒளிக்கு வினைபுரியும் என்பதால்தான் அந்த அறையில் மஞ்சள் விளக்கு. முதலில் வெற்று வேஃபரில் பழகுங்கள். அசிட்டோனில் கழுவி, அது காய்வதற்குள் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை ஊற்றி, நைட்ரஜனால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஊதுங்கள். அசிட்டோன் காய்ந்தால் கறை படியும். என் முதல் இரண்டு வேஃபர்கள் அப்படித்தான் வீணாயின.

எஸ்1813 என்ற வகை ரெசிஸ்டை வேஃபரில் ஊற்றி நிமிடத்துக்கு 4,000 சுற்றில் சுழற்றினால் ஏறக்குறைய 1.3 மைக்ரான் படலம் வரும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி வால் நட்சத்திரம் போல ஒரு கீற்று தெரிந்தால், அதன் தலையில் ஒரு தூசி இருக்கிறது. ரெசிஸ்டைக் கரைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கீற்று இல்லையா? சரி, ஹாட் பிளேட்டில் 115 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம், மாஸ்க் (வடிவம் பதித்த தகடு) வழியே ஒளி, ஒளி பட்ட ரெசிஸ்டைக் கரைக்கும் டெவலப்பர், தூய நீர், மைக்ரோஸ்கோப்.

ஐந்தாம் படி: அனுமதித் தேர்வு

பயிற்சியாளர் பார்க்க, நீங்களே கருவியை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறியபின் முதல் சில ஸ்லாட்டுகளை ஊழியர்கள் இருக்கும் பகல் நேரத்தில் எடுங்கள். லாக்புக்கில் நடந்ததை அப்படியே எழுதுங்கள், தவறு நடந்திருந்தாலும். கருவியின் சத்தம் மாறினால் நீங்களே சரிசெய்யப் பார்க்காமல் நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.